கூத்துக் கொப்பியை அலுவலகத்துக்குக் கொண்டுவராதீர்கள்

கலாசார உத்தியோகத்தர் வேலைக்கு நியமனக் கடிதம் கிடைத்த கையோடு பிள்ளைகள் எனக்குப் போன் எடுத்துக் கேட்கிற முதல் கேள்வி, "அக்கா, முதல்ல என்ன விழா வைக்கலாம்?" என்பதுதான். என் பதில் அவர்களுக்குப் பிடிப்பதில்லை. முதல் மூன்று மாதம் நீங்களாக ஒரு விழாவும் வைக்காதீர்கள். மேலிருந்து சுற்றறிக்கையில் வருகிற கட்டாய நிகழ்ச்சிகளை முடித்துக் கொடுங்கள். மிச்ச நேரமெல்லாம் ஊருக்குள் போங்கள்.

நான் மட்டக்களப்பு மாவட்டத்தில் இருபது வருடத்துக்கு மேல் கலாசார உத்தியோகத்தராக இருந்தவள். மாவட்டத்தில் 14 பிரதேச செயலகப் பிரிவுகள். நான் மூன்றில் வேலை செய்தேன், அதில் இரண்டு படுவான்கரையில், அதாவது வாவிக்கு மேற்குப் பக்கத்தில். மண்முனைப் பாலம் 2014 இல் திறக்கும்வரை வாவியைப் 'பாதை'யில்தான் கடப்போம். பாதை என்றால் றோட்டு இல்லை, வெளியூர்ப் பிள்ளைகள் குழம்பவேண்டாம். எங்களூரில் அது ஆட்களையும் வாகனத்தையும் ஏற்றுகிற மிதவை. கடைசிப் பாதை தவறினால் வவுணதீவைச் சுற்றித்தான் வீடு. கூத்துப் பார்க்கப் போனால் விடியும்வரை இருந்துவிடும் பழக்கம் எனக்கு வந்தது அப்படித்தான். ஆர்வம் பாதி, பாதை இல்லாதது பாதி.

யார் கந்தோர், யார் காசு

ஊர்ச் சனத்துக்கு எல்லா அரசாங்க அலுவலகமும் 'கந்தோர்'தான். உங்களுக்கு அப்படி இருக்கக்கூடாது. நீங்கள் இருப்பது பிரதேச செயலகம். அது மத்திய நிருவாகத்தின் கை. பக்கத்து வளவில் இருக்கிற பிரதேச சபை வேறு. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்தது, சனம் வாக்குப் போட்டுத் தெரிவு செய்வது. பொது மண்டபம், நூலகம், விளையாட்டு மைதானம், தெரு லைற், சந்தை எல்லாம் அவர்களுடையது. மாகாணப் பண்பாட்டலுவல்கள் திணைக்களம் மூன்றாவது. கொழும்பில் இருக்கிற கலாசார அலுவல்கள் திணைக்களம் நாலாவது. இந்து சமய கலாசார அலுவல்கள் திணைக்களம் ஐந்தாவது. இந்த ஐந்து பேரும் கூத்துப் பழக்குகிற ஒரே அண்ணாவியாரின் முற்றத்துக்கு வந்து ஐந்து படிவம் நிரப்பிக்கொண்டு போவார்கள். அவர் ஐந்து தரமும் தேத்தண்ணி கொடுப்பார்.

ஆகவே முதல் கிழமையிலேயே பிரதேச சபைச் செயலாளரையும் நூலகரையும் போய்ப் பாருங்கள். நூலகர் முக்கியம். ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம் என்பதால் அவரிடம் சின்ன ஒதுக்கீடு இருக்கும், மண்டபத் திறப்பு இருக்கும், ஊரில் யார் கவிதை எழுதுகிறார் என்ற கணக்கும் இருக்கும். தவிசாளரை மேடையில் எங்கே இருத்துவது என்ற பேச்சை அவரது செயலாளரோடு முன்கூட்டியே பேசி முடித்துவிடுங்கள். விழா அன்று பேசினால் அது வேறு கதை.

உங்களுக்கென்று ஒரு கருவி உண்டு: பிரதேச கலாசாரப் பேரவை. பிரதேச செயலாளர் தலைவர், நீங்கள் செயலாளர், ஊர்க் கலைஞர்களும் எழுத்தாளர்களும் உறுப்பினர்கள். பல இடங்களில் வருடத்தில் ஒரு தரம் கூடி, மலருக்குக் கட்டுரை கேட்டு, வடை சாப்பிட்டுக் கலையும். நீங்கள் அதை மாதம் ஒருக்கால் கூட்டுங்கள், ஒவ்வொரு தரமும் ஒவ்வோர் ஊரில். கோவில் வெளி மண்டபத்தில், சனசமூக நிலையத்தில், நெசவுசாலையில் என்று கிடைத்த இடத்தில் கூடலாம். செயலகத்துக் கேட்போர் கூடத்தில் கூடினால் வருவது ஓய்வுபெற்ற அதிபர்கள் மட்டும்தான். அவர்கள் நல்லவர்கள், ஆனால் மத்தளம் அடிக்கத் தெரியாது.

பதிவேட்டுக்கு இரண்டு கொப்பி

அலுவலகத்தில் கலைஞர் விபரத்திரட்டு என்று ஒரு கோவை இருக்கும். பெயர், பிறந்த திகதி, விலாசம், துறை, பெற்ற விருதுகள். அதைத் திறந்து பார்த்தால் விசிற்றிங் காட் வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் அதில் இருப்பார்கள். கூத்து ஆடுகிறவர்கள் இருக்கமாட்டார்கள். ஏனென்றால் அவர்கள் அலுவலகத்துக்கு வருவது பிறப்புப் பத்திரம் எடுப்பது போன்ற அலுவல்களுக்குத்தான்.

அந்தக் கோவையை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், மேலிடம் கேட்கும். உங்களுக்கென்று தனியாக ஒரு சீ.ஆர். கொப்பி, தடித்த மட்டை போட்டது, வாங்குங்கள். ஓர் ஊருக்கு இரண்டு பக்கம். அதில் ஆளின் பெயரை விட்டுவிட்டு இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள்: கடைசியாக இந்த ஊரில் எப்போது களரி (கூத்தாடும் வட்ட அரங்கு) போட்டது? எந்தக் கூத்து, ஆட்டமுறை வடமோடியா தென்மோடியா? மத்தளம் யார் வீட்டில் இருக்கிறது, தோல் நல்லாக இருக்கிறதா? உடுப்பு இருக்கிறதா? கூத்துப் பாட்டெல்லாம் எழுதிய கொப்பி யாரிடம்? கொப்பி பார்த்துப் பாட்டு எடுத்துக்கொடுக்கிறவர் உயிரோடு இருக்கிறாரா? இந்தப் பதில்கள் இருந்தால் ஊர் மறுபடி கூத்துப் போடுமா, என்ன குறைகிறது என்பது ஒரு பார்வையில் தெரியும். ஒரு கிராமத்தில் ஆட நாற்பது பேர் இருந்தார்கள், மத்தளத்தின் தோல் போய்விட்டது, அவ்வளவுதான் குறை. எட்டு வருடமாக அந்த ஊரில் கூத்து இல்லாமற் போனதற்கு அலுவலக அறிக்கைகளில் 'இளைஞர்களின் ஆர்வமின்மை' என்று காரணம் எழுதியிருந்தது.

கேட்கிற முறையும் இருக்கிறது. நல்ல ஆட்டக்காரர் ஒருவரும் "எனக்கு ஆடத் தெரியும்" என்று சொல்லமாட்டார். "அந்தக் காலத்தில சும்மா ஆடினதுதானே" என்பார். "என்ன வேஷம்?" என்று கேளுங்கள். "தருமர்" என்று சொல்லிவிட்டு ஒரு நிமிடம் பேசாமல் இருப்பார். பிறகு கால் விரல் தரையில் தாளம் போடும். அதைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

பெண்களிடம் கேட்கும்போது வீட்டுக்காரர் பக்கத்தில் இருக்கக்கூடாது. "அவவுக்கு ஒண்டும் தெரியா" என்று அவரே பதில் சொல்லிவிடுவார். நான் ஒரு வீட்டில் இப்படிக் கேட்டு எழும்பி வந்துவிட்டேன். பிறகு ஒரு நாள் அந்த அம்மாவைக் கிணற்றடியில் கண்டபோது, வாளியைக் கிணற்றுக்கட்டின் மேல் வைத்துவிட்டு ஒரு மணித்தியாலம் பாடினா. தாலாட்டு, வசந்தன் பாட்டு, கும்மி, வயல் அறுவடையில் பாடுகிற அருவி வெட்டுக் கவி. வெட்கம் வந்தால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பா, பிறகு விட்ட அடியிலிருந்தே தொடங்குவா. ஒப்பாரி மட்டும் வேண்டாம் என்றுவிட்டா. சாவு இல்லாத வீட்டில் ஒப்பாரி சொல்லக் கூடாதாம். 'ஒப்பாரிப் போட்டி' என்று நிகழ்ச்சி நிரல் போடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கவேண்டும்.

உங்கள் பிரிவில் யார் யார் இருக்கிறார்களோ எல்லாரிடமும் போங்கள். முஸ்லிம் ஊரில் றபான் மேளமும் பொல்லடி ஆட்டமும் இருக்கும். மட்டக்களப்பு நகரப் பக்கம் பறங்கியர் குடும்பங்களில் போர்த்துக்கேயக் கிரியோல் பேசுகிற முதியவர்கள் இருக்கிறார்கள், கல்யாண வீட்டில் கஃப்றிஞ்ஞா ஆடுவார்கள். 'தமிழர் பண்பாட்டு விழா' என்று பதாகை அடித்துவிட்டு அவர்களை 'விசேட அம்சமாக' நடுவில் செருகுவது அழகில்லை. கூட்டத்துக்கு அழையுங்கள், பேரவையில் இடம் கொடுங்கள். பதாகையின் பெயரை அவர்களையும் வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

பறைமேளம் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்துப் பறைமேளக் கூத்து பார்க்க அருமையானது. ஆனால் அடிக்கிறவரின் மகன், "ஏன் அக்கா, எங்களை மட்டும் எப்பவும் ஊர்வலத்துக்கு முன்னால விடுறீங்க?" என்று என்னிடம் கேட்டான். எனக்குப் பதில் இல்லை. விருந்தினரை வரவேற்கப் பறையை நடக்கவிட்டு, அவர்கள் கதிரையில் இருந்ததும் மேளக்காரரைப் பின்வாசலால் அனுப்புகிறோம், நடப்பது இதுதான். அதற்குப் பிறகு நான் ஒரு விதி வைத்துக்கொண்டேன். பறைமேளம் என்றால் மேடையில் அரை மணித்தியாலம், பெயர் சொல்லி அறிமுகம், மற்றவர்களுக்குக் கொடுக்கும் அதே காசு, மற்றவர்களோடு அதே பந்தியில் சாப்பாடு. அவர்கள் "வேண்டாம், பிள்ளைகள் விரும்பவில்லை" என்றால் அதோடு விட்டுவிடுவது. கலையைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லி ஒருவரின் தலையில் சாதியை மறுபடி தூக்கி வைக்க எங்களுக்கு உரிமை இல்லை.

கொப்பி

தலைப்பில் சொன்ன விடயத்துக்கு வருகிறேன். பிழை என்னுடையது.

ஓர் அண்ணாவியாரிடம் வடமோடிக் கூத்துக் கொப்பி ஒன்று இருந்தது. அவருடைய அப்பா கையால் எழுதியது. இருநூறு பக்கக் கணக்குக் கொப்பிகள் மூன்றைச் சேர்த்துத் தைத்து, சாக்குத் துணியால் மட்டை போட்டிருந்தார்கள். விருத்தம் நீல மையில், தருப் பாட்டு கறுப்பு மையில், தாளக்கட்டு சிவப்பில். ஒவ்வொரு வேஷத்தின் வரவுக்கும் மேலே ஒரு சின்ன ஓம். சண்டைக் காலத்தில் மூன்று தரம் இடம்பெயர்ந்தபோதும் அதை அரிசிப் பையோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

போட்டோக் கொப்பி எடுத்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கி வந்தேன். அலுவலக மெஷினில் ரோனர் இல்லை. வெளியே எடுக்க விலைக்கோரல் வேண்டும் என்றார்கள். மூன்று கடையில் விலை கேட்டு, கோவை மேலே போய், கீழே வந்து, கார்த்திகை மாதமாகிவிட்டது. கொப்பி என் அலுமாரியின் மேல் தட்டில் இருந்தது. மழைக்கு ஒரு நாள் இரவு கூரையில் ஓட்டை விழுந்து, தண்ணீர் அலுமாரியின் முதுகுப் பக்கமாக ஒழுகியிருக்கிறது. சனி, ஞாயிறு, போயா என்று மூன்று நாள் லீவு. நான் திறந்தபோது கொப்பி பாண் மாதிரி ஊதியிருந்தது. நீல மை எல்லாம் போய்விட்டது. கறுப்பு கொஞ்சம் இருந்தது. சிவப்பு பக்கம் முழுக்கப் பரவியிருந்தது.

கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் ஏசவில்லை. முற்றத்தில் பாயை விரித்து, ஒவ்வோர் ஒற்றையாகப் பிரித்துக் காயவைக்கப் பார்த்தார். பிறகு சொன்னார்: "இதில கிடந்ததில பாதி எனக்குப் பாடம், புள்ள. மற்றப் பாதி அப்பாவுக்குத்தான் பாடம்."

அந்தப் பாதி இன்றுவரை இல்லை.

ஆகவே: கொப்பியை வீட்டை விட்டு வெளியே எடுக்காதீர்கள். அலுவலகத்துக்கும் வேண்டாம், பல்கலைக்கழகத்துக்கும் வேண்டாம், 'ஒரு நாளைக்குத்தான்' என்பவருக்கும் வேண்டாம். போனை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்கே போங்கள். காலை எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில், விறாந்தையில், வெயில் நேராகப் படாத வெளிச்சத்தில் வையுங்கள். வெள்ளைச் சீலை ஒன்றைக் கீழே விரியுங்கள். பிளாஷ் போடவேண்டாம், மினுங்கும். போனை ஒரு கதிரையின் சாய்மனையில் வைத்துக் கட்டினால் கை நடுங்காது. ஒருவர் பக்கம் புரட்ட, ஒருவர் எடுக்க, இருநூறு பக்கம் ஒரு காலையில் முடியும். புரட்டுகிறவர் அந்த வீட்டுப் பேரப்பிள்ளையாக இருக்கட்டும். எடுத்த படத்தை அன்றைக்கே அந்தப் பிள்ளையின் போனுக்கும் அனுப்புங்கள், ஒரு பென்டிரைவில் போட்டு வீட்டிலும் கொடுங்கள். பிறகு அண்ணாவியாரை இருத்தி, பாட்டை அவர் வாயால் பாடப் பதிவு செய்யுங்கள். எழுத்தில் தாளம் இருக்கும், இழுவை இருக்காது.

படங்களை எங்கே போடுவது, யாருக்குக் காட்டுவது என்பதையும் அவரிடமே கேளுங்கள். சில கொப்பிகளை அந்த ஊரார் வேறு ஊருக்குக் கொடுக்க விரும்புவதில்லை. அது அவர்கள் சொத்து.

காசும் மழையும் சேர்ந்து வரும்

எங்கள் அரசாங்கத்தின் வருடம் ஜனவரியில் தொடங்கி டிசம்பர் 31 இல் முடியும். ஒதுக்கீட்டுக் கடிதம் வருடத் தொடக்கத்தில் வரலாம். கடிதம் வந்தால் காசு வந்ததாக நினைக்காதீர்கள், கட்டுநிதி, அதாவது செலவழிக்கிற காசு, வரவேண்டும். என் அனுபவத்தில் அது பெரும்பாலும் ஒக்டோபரில்தான் அசையும். மாரி மழையும் அதோடு சேர்ந்துதான் தொடங்கும். டிசம்பருக்குள் செலவழிக்காவிட்டால் காசு திரும்பிப் போய்விடும். படுவான்கரையில் கார்த்திகை, மார்கழியில் வயல் றோட்டெல்லாம் வெள்ளம். அந்த நேரம் 'திறந்தவெளிப் பண்பாட்டுப் பெருவிழா' வையுங்கள் என்று கடிதம் வரும்.

ஊரின் வருடம் வேறு. மாரி வேளாண்மை வெட்டி, சூடடித்து, கையில் நெல் இருக்கும்போதுதான் கூத்துக்கு ஆள் கூடும். மாசி, பங்குனிக்கு ஊர்க்கூட்டம் போடுவார்கள். பிறகு சட்டம் கொடுத்தல், அதாவது ஆளாளுக்கு வேஷத்தைப் பிரித்துப் பாட்டைக் கொடுப்பது. பழகி வரும்போது ஒரு நாள் பார்த்துச் சதங்கை அணிதல். பிறகு கிழமைக்குக் கிழமை ஆடிப் பழகுகிற கிழமைக் கூத்து. பிறகு முழுக்கூத்தையும் ஓட்டிப் பார்க்கிற அடுக்குப் பார்த்தல். கடைசியில்தான் அரங்கேற்றம். அதற்குப் பிறகும் வீட்டுக்கு வீடு ஆடுவார்கள். மாதக் கணக்கில் நீளும் காரியம் இது. அலுவலகப் படிவத்தில் 'நிகழ்ச்சி நடைபெற்ற திகதி' என்று ஒரேயொரு கட்டம் இருக்கும்.

இந்த இரண்டு வருடத்தையும் கொளுவுவதுதான் உங்கள் வேலையில் பெரிய பங்கு. நான் செய்தவற்றில் சரிவந்ததைச் சொல்கிறேன். மழைக்காலத்தில் வருகிற வருட முடிவுக் காசில் விழா வைக்காமல் பொருள் வாங்குங்கள்: மத்தளத்துக்குத் தோல், சதங்கை, வடமோடிக் கூத்துக்கான கரப்புடுப்புக்கு வேண்டிய துணி. இவற்றை நனையாமல் எடுத்து வைக்கலாம், அடுத்த மாசிக்கு ஊருக்குத் தேவைப்படும். மலர் அடிப்பதென்றாலும் அப்போதுதான் அடியுங்கள். வருட நடுவில் கொஞ்சம் காசு வந்தால் அரங்கேற்றத்துக்கு என்று ஒதுக்காமல் பழக்கத்துக்கு ஒதுக்குங்கள். ஒவ்வொரு கிழமைக் கூத்தையும் 'பயிற்சிப் பட்டறை' என்று எழுதலாம். பொய்யில்லை, அது பயிற்சிதானே. வரவு இடாப்பில் ஆட்டக்காரர் கையெழுத்து, கையெழுத்து இல்லாதவர் பெருவிரல் அடையாளம். அண்ணாவியார் வளவாளர், அதாவது பயிற்சி கொடுக்கிறவர்.

வளவாளர் படிவத்தில் 'கல்வித் தகைமை' என்று கேட்கும். நான் "ஐந்தாம் வகுப்பு, கூத்து அனுபவம் 41 வருடம்" என்று எழுதினேன். கணக்குக் கிளை கோவையை இரண்டு தரம் திருப்பி அனுப்பியது. மூன்றாம் தரம் நான் கோவையோடு அண்ணாவியாரையும் கூட்டிக்கொண்டு போனேன். கணக்காளர் நல்ல மனிசன். கொஞ்ச நேரம் கதைத்துவிட்டு, தன் மாமனாரும் கூத்தாடினவர் என்றார். அன்றைக்கே கையெழுத்து விழுந்தது. இப்படி எல்லா இடத்திலும் நடக்கும் என்று சொல்லவில்லை. ஆனால் கணக்காளரை ஒரு தடவையாவது கிழமைக் கூத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

மத்தளத்துக்கு மூன்று விலைக்கோரல் கேட்பார்கள். கட்டுகிறவர் அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒருவர்தான் இருப்பார், அவரிடம் கடிதத் தலைப்பும் இருக்காது. பொருள் தேவைப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பே கொள்வனவுக் குழுவுக்கு இதை எழுத்தில் விளக்கி அனுமதி எடுங்கள். அவசரத்தில் மற்ற இரண்டு விலைக்கோரலை நீங்களே 'தயாரிக்க' யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். கணக்காய்வு வரும்போது யோசனை சொன்னவர் இடமாற்றலாகிப் போயிருப்பார்.

களரிக்கு முன்வரிசை இல்லை

கூத்தைச் செயலக விழாவில் போடும்போது இருபது நிமிடம் தருவார்கள். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் மட்டக்களப்புக் கூத்தைச் சுருக்கி, முன்பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். அதற்குப் பின்னால் வருடக்கணக்கான உழைப்பும் பெரிய ஆட்டக்காரரும் இருந்தார்கள். நாங்கள் சுருக்குவது வேறு, நேரம் இல்லை என்று வெட்டுவது. 2000களின் தொடக்கத்தில் சீலாமுனையில் சி. ஜெயசங்கர் ஊராரோடு சேர்ந்து செய்த கூத்து மீளுருவாக்கம் இன்னொரு வழியைக் காட்டியது: ஊருக்குள்ளேயே இருந்து, ஊர் பேசி, ஊர் மாற்றுவது. உங்களுக்கு இருபது நிமிடம்தான் என்றால் முழுக்கதையையும் அடைக்கவேண்டாம். ஒரு கொலு வரவும் (அரசன் சபைக்கு வருவது) ஒரு வாதமும் முழுசாக ஆடட்டும். எது என்பதை அண்ணாவியார் சொல்லட்டும்.

ஊரில் வட்டக்களரியில் போடும்போது உங்களுக்கு வருகிற முதல் தலையிடி சோபா. வட்டக்களரியைச் சுற்றிவரச் சனம் இருக்கும், ஆட்டக்காரர் நாலு பக்கமும் திரும்பி ஆடுவார்கள். அதற்கு முன்பக்கம் என்று ஒன்று கிடையாது. ஆனால் பிரதம விருந்தினருக்கு முன்வரிசை வேண்டும். ஓரிடத்தில் அலுவலகத்துப் பிள்ளைகள் களரிக்கு ஒரு பக்கத்தில் சோபா, சின்ன மேசை, பூச்சாடி, தண்ணீர்ப் போத்தல் எல்லாம் அடுக்கிவிட்டார்கள். ஆட்டக்காரர்கள் மரியாதைக்காக அந்தப் பக்கமே பார்த்து ஆடத் தொடங்க, மற்ற மூன்று பக்கச் சனமும் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தது. அரை மணித்தியாலத்தில் பாதிப்பேர் எழும்பிப் போனார்கள். அதிலிருந்து நான் விருந்தினர் கதிரைகளைச் சனத்தோடு சனமாக, பாய்களுக்குப் பின்னால், வட்டத்தில் அங்கொன்று இங்கொன்றாகப் போடுவேன். பேச்செல்லாம் இரவு எட்டு மணிக்கு முன் முடித்துவிடுவேன். விருந்தினர் அதற்குப் பிறகு நிற்பதும் போவதும் அவர் விருப்பம்.

மைக்கைக் கம்பில் நிறுத்தாதீர்கள். ஆட்டக்காரர் மைக்கடிக்கு வந்து நின்று பாடுவார், ஆட்டம் செத்துவிடும். களரியின் பந்தல் தடியில் இரண்டு மூன்று மைக்கைத் தொங்கவிடுங்கள். சவுண்ட்ஸ்காரத் தம்பியிடம் எக்கோவை முற்றாக மூடச் சொல்லுங்கள். "அப்ப எடுப்பா இருக்காது அக்கா" என்பான். மூடச் சொல்லுங்கள்.

இனிப் பொலிஸ். 2007 இல் உயர் நீதிமன்றம் தந்த தீர்ப்பின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கிடையாது. விசேட நிகழ்வுக்கு விலக்குக் கேட்கலாம். அதற்கு அயலில் இருப்பவர்களின் கருத்தைப் பொலிஸ் பதிவு செய்யவேண்டும். கூத்து விடியவிடிய நடப்பது. ஆகவே மூன்று கிழமைக்கு முன்பே போங்கள். கோவில் வண்ணக்கர் (கோவில் நிர்வாகப் பொறுப்பாளர்), கிராம உத்தியோகத்தர், சுற்றியுள்ள வீட்டுக்காரர் ஆகியோரின் சம்மதத்தை எழுத்தில் கொண்டுபோங்கள். சாதாரண தர, உயர் தரப் பரீட்சைக் காலத்தில் கேட்கவே கேட்காதீர்கள். படிக்கிற பிள்ளைக்கு வேறு இரவு இல்லை.

ஒரு வருடம் விலக்குக் கிடைக்கவில்லை. பத்து மணிக்கு ஜீப் வந்து நின்றது. நான் போய்ப் பேசினேன். "கூத்தை நிப்பாட்டச் சொல்லயில்ல மிஸ், லவுட்ஸ்பீக்கரை நிப்பாட்டுங்க" என்றார் சார்ஜன்ட். நிப்பாட்டினோம். ஜெனரேற்றரையும் தூர இழுத்துக்கொண்டு போய், லைற்றுக்கு மட்டும் ஓடவிட்டோம். எனக்குப் பயம், சனம் கலைந்துவிடுமென்று. ஆனால் தூரத்தில் ஐஸ்கிறீம் வண்டிப் பக்கம் நின்ற பெடியன்கள் ஒவ்வொருத்தராகக் களரியை நெருங்கி வந்தார்கள். பாய்கள் முன்னுக்கு நகர்ந்தன. கடலை விற்றவர் சரையைச் சுற்றுகிற சத்தம் கேட்டது. பிறகு சதங்கை கேட்டது, தனித்தனியாக, எந்தக் கால் எந்தத் தாளத்தில் விழுகிறது என்று. பிற்பாட்டுக்காரர் எடுத்துக்கொடுக்க, பக்கத்தில் இருந்த கிழவிகளும் சேர்ந்து பாடினார்கள். விடிய நாலு மணிக்கு அண்ணாவியார் என்னிடம் வந்து, "இனிமேல் இந்தப் பெட்டியள் வேண்டாம்" என்றார். அடுத்த வருடம் அவரே பெரிய பெட்டி கேட்டார் என்பது வேறு விடயம்.

பொன்னாடை

பொன்னாடையைக் குறையுங்கள். ஒரு மூத்த கலைஞரின் வீட்டில் யன்னலுக்கெல்லாம் பளபளவென்று திரைச்சீலை. அவர் மனைவி சிரித்துக்கொண்டு, "எல்லாம் உங்கட ஆக்கள் போத்தினதுதான்" என்றா. பதினாலு பொன்னாடை. அந்தப் பதினாலு நாளும் பஸ் காசு அவர் கையிலிருந்து போயிருக்கிறது. நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டால் போக்குவரத்து, சாப்பாடு, கொடுப்பனவு மூன்றையும் கூப்பிடும்போதே சொல்லுங்கள். கொடுப்பனவை நிகழ்ச்சி முடிந்த இரவே கொடுக்க முற்பணம் எடுத்து வையுங்கள். "வவுச்சர் போட்டிருக்கு, அடுத்த மாதம் வாங்க" என்றால், அந்த ஆள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து உங்கள் வாங்கில் குந்தியிருப்பார்.

விருது விண்ணப்பம் அப்படியல்ல, அதில் முழுமூச்சாக நில்லுங்கள். அரச விருதான கலாபூஷணம் 60 வயது கடந்தவர்களுக்கு. மாகாணத்தில் வித்தகர் விருது, இளங்கலைஞர் விருது உண்டு. விண்ணப்பம் செயலகம் மூலம் போகும். எல்லாவற்றுக்கும் ஆதாரம் கேட்பார்கள்: பத்திரிகை நறுக்கு, அழைப்பிதழ், சான்றிதழ். இடம்பெயர்வும் 2004 சுனாமியும் பார்த்த மாவட்டத்தில் ஐம்பது வருடத்து நோட்டீஸ் யாரிடம் இருக்கும்? கோவில் நிர்வாகத்திடமும், அவரோடு ஆடியவர்களிடமும், அவரிடம் பழகியவர்களிடமும் கடிதம் எடுங்கள். கோவில் கணக்குக் கொப்பியில் "கூத்துச் செலவு" என்று எழுதியிருக்கும், அந்தப் பக்கத்தைப் படம் பிடியுங்கள். விண்ணப்பத்தை நீங்களே எழுதி, அவருக்கு வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்குங்கள். முடிவுத் திகதிக்கு இரண்டு நாள் இருக்கும்போது அறிவித்தல் பலகையில் ஒட்டிவிட்டு, 'ஒருவரும் விண்ணப்பிக்கவில்லை' என்று அறிக்கை எழுதவேண்டாம்.

இடமாற்றம் வரும்

நாலைந்து வருடத்தில் வரும். பாரமளிப்புப் பட்டியலில் கதிரை, கணினி, அலுமாரித் திறப்பு எல்லாம் இருக்கும். சீ.ஆர். கொப்பி இருக்காது, அது உங்கள் சொந்தக் கொப்பி. அதைப் பிரதி எடுத்து, வருகிறவருக்குக் கையில் கொடுங்கள். ஒரு நாள் லீவு போட்டாவது அவரை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு மூன்று அண்ணாவியார் வீட்டுக்காவது போய் வாருங்கள். ஒவ்வொரு வீட்டிலும் தேத்தண்ணி வரும். வேண்டாம் என்று சொல்லவேண்டாம் என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். எந்த அலுமாரியின் மேல் தட்டு ஒழுகும் என்பதையும் காட்டிவிடுங்கள்.